டெங்கு என்எஸ்1 புரதக் குப்பி கைக்கு வந்ததும்

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்கள் ரீகாம்பினன்ட் (மரபணுவை வேறொரு செல்லில் புகுத்தித் தயாரித்த) வைரஸ் புரதக் குப்பியைக் கையில் எடுத்ததும் அதில் எத்தனை மைக்ரோகிராம் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். நான் கேட்பது வேறு: புரதம் ஒழுங்காக மடிந்திருக்கிறதா? நோயாளியின் ஆன்டிபாடி பெரும்பாலும் புரதத்தின் வடிவத்தைத்தான் பிடிக்கும். வடிவம் போனால் எத்தனை மைக்ரோகிராம் இருந்தும் பயனில்லை. நாங்கள் அதிகம் கையாளும், டெங்கு வைரஸின் புரதங்களில் ஒன்றான என்எஸ்1-ஐ வைத்தே சொல்கிறேன்.

ஆர்டர் போடும்போதே எந்தச் செல்லில் தயாரித்தது என்று பாருங்கள். என்எஸ்1-இல் 352 அமினோ அமிலங்கள். அவற்றில் 12 சிஸ்டீன்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 6 டைசல்ஃபைடு பிணைப்புகளாகின்றன. 130, 207 ஆகிய இடங்களில் சர்க்கரைச் சங்கிலிகள் ஏறும். சாதாரண ஈ.கோலை பாக்டீரியாவால் அந்தச் சர்க்கரையை ஏற்ற முடியாது. புரதமும் பாக்டீரியாவுக்குள்ளேயே கட்டியாகத் திரண்டுவிடும், கரைத்து மறுபடி மடிக்க வேண்டிவரும். புரதத்தை விரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட் சோதனைக்கு அது போதும். சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) வைத்து எலைசா (தட்டில் பூசிய புரதத்தை ஆன்டிபாடி பிடிக்கிறதா என்று நிறமாற்றத்தால் அறியும் சோதனை) செய்வதென்றால் ஹெச்இகே 293 போன்ற பாலூட்டிச் செல்லில் எடுத்ததை வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் நோயாளிகளிடமிருந்து பெற்ற சீரம் அதைவிட அருமையானது.

நான்கு டெங்கு வகைகளில் எது, டேக் (பிரித்தெடுக்க வசதியாகப் புரதத்தில் சேர்த்த சிறு துண்டு) எது என்று குறித்துக்கொள்ளுங்கள். நிலைத்திருப்பதற்காக பிஎஸ்ஏ (மாட்டு இரத்தப் புரதம்) சேர்த்த குப்பியை எலைசா தட்டில் பூச வாங்காதீர்கள். பிளாஸ்டிக்கில் என்எஸ்1 ஒட்ட வேண்டிய இடத்தை பிஎஸ்ஏ பிடித்துக்கொள்ளும்.

உலர்பொடியாக வந்தால் திறக்குமுன் மைக்ரோஃபியூஜ் என்ற சிறு சுழற்றுக்கருவியில் ஒரு சுற்று சுற்றுங்கள். பொடி பெரும்பாலும் மூடியில் ஒட்டியிருக்கும், கண்ணுக்கே தெரியாது. தாளில் சொன்ன அளவு மலட்டு நீரைச் சுவரோரமாக விட்டு, அறை வெப்பத்தில் அரைமணி நேரம் வையுங்கள். வோர்டெக்ஸ் கருவியில் குலுக்க வேண்டாம், நுரை வந்தால் புரதம் கெடும். பிறகு ஒரு வேளைக்கு வேண்டிய அளவாக, புரதம் ஒட்டாத குழாய்களில் பிரித்து -80 டிகிரியில் வைத்துவிடுங்கள். எடுத்த குழாயை மறுபடி உறையவைக்காதீர்கள்.

இனி நான் யாரையும் தவிர்க்க விடாத சோதனை. ஒரே புரதத்தை இரண்டு பங்காக எடுத்து, ஒன்றை ஜெல் பஃபரில் 95 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். மற்றொன்றைச் சூடாக்காமல், டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும் மெர்காப்டோஎத்தனாலும் சேர்க்காமல் அப்படியே ஜெல்லில் ஏற்றுங்கள். சுரக்கப்பட்ட என்எஸ்1 ஆறு அலகுகள் சேர்ந்த பீப்பாய். ஜெல் பஃபரில் உள்ள எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளில் அது மூன்று ஜோடிகளாகப் பிரியும், ஆனால் ஜோடி எஸ்டிஎஸ்ஸைத் தாங்கும், வெப்பத்துக்குத்தான் உடையும். அதனால் சூடாக்கிய வரிசையில் பட்டை 50 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்திலும், சூடாக்காத வரிசையில் அதற்கு நன்றாக மேலேயும் நிற்க வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றால் ஜோடி இல்லை என்று அர்த்தம், அந்தக் குப்பியைச் சீரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம். ஒரு ஜெல்லில் தெரிந்துவிடுகிற விஷயம் இது. சீரம் செலவான பிறகு தெரிந்து என்ன பயன்?

தட்டில் பூச, 9.6 பிஹெச் கார்பனேட் பஃபரில் மில்லிலிட்டருக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம், குழிக்கு 100 மைக்ரோலிட்டர், 4 டிகிரியில் இரவு முழுக்க. நிறம் உண்டாக்கும் ஹெச்ஆர்பி நொதி வைத்து அளப்பதானால் எந்தப் பஃபரிலும் சோடியம் அசைடு இருக்கக் கூடாது, அது நொதியை முடக்கிவிடும்.

ஒவ்வொரு சீரத்துக்கும் இன்னொரு குழி ஒதுக்குங்கள். அதில் அதே செல்லில் தயாரித்த, அதே டேக் உள்ள, டெங்குவோடு சம்பந்தமில்லாத புரதத்தைப் பூசுங்கள். சிலரது சீரம் டேக்கையோ, கூடவே வந்த செல் புரதத்தையோ பிடிக்கும். அந்தக் குழியும் நிறம் மாறினால், டெங்குக் குழியின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். ஜிகா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ்களின் என்எஸ்1-உம் டெங்குவினதை ஒத்தவை என்பதால் அவற்றையும் பூசிப் பார்ப்பது நல்லது.

புரதம் மட்டும் தொற்றாது, பெருகவும் செய்யாது. சீரம் அப்படியல்ல, கையுறையும் பாதுகாப்புப் பெட்டியும் கட்டாயம்.

லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணை நோட்டில் எழுதுங்கள். பழைய லாட் தீருமுன்பே புதியதை வாங்கி, பல சீரங்களைக் கலந்து வைத்த ஒரே கலவையால் இரண்டையும் ஒரே தட்டில் ஓட்டிப் பாருங்கள். வளைகோடுகள் ஒத்துவந்த பிறகே புதிய லாட்டுக்கு மாறுங்கள்.