செஸ் புத்தகத்தில் உழைப்பு இருக்கிறதா? வாங்கும் முன் பார்ப்பது எப்படி

டோர்னமென்ட் நடக்கும் இடத்தில் புத்தகக் கடை போட்டுவிட்டால் போதும், பெற்றோர் என்னை இழுத்துக்கொண்டு போவார்கள். "சார், எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க, நல்ல புக்கா?" நான் அட்டையைப் பார்ப்பதில்லை. உள்ளே ஒரு ஆட்டத்தைத் தேடுவேன்: 1858இல் பாரிஸ் ஓபரா அரங்கில், சேர்ந்து ஆடிய இரண்டு பிரபுக்களை அமெரிக்க செஸ் மேதை பால் மார்ஃபி தோற்கடித்தது. ஆரம்பநிலைப் புத்தகங்களில் அடிக்கடி அகப்படும்.

கிடைத்ததும் கடைசிக்கு ஓடாதீர்கள். 16ஆவது நகர்த்தலில் ராணியை பி8 கட்டத்தில் பலி கொடுத்து, அடுத்ததில் யானையால் டி8இல் மேட். அங்கே அபார நகர்த்தல் என்று இரண்டு ஆச்சரியக்குறி போட யாராலும் முடியும். 8ஆவது நகர்த்தலைப் பாருங்கள். வெள்ளை ராணி பி3இல் நிற்கிறது. பி7 சிப்பாய் சும்மா கிடக்கிறது. மார்ஃபி அதை எடுக்காமல் குதிரையை சி3க்குக் கொண்டுவருகிறார். ஏன்? பிள்ளை கேட்கப்போவது இதைத்தான். எடுத்தால் கருப்பு ராணி பி4இல் செக் வைக்கும், ராணிகள் வெட்டுப்பட்டுப் போகும். சிப்பாய் லாபம்தான், ஆனால் தாக்குதல் அடங்கிவிடும். இந்த விளக்கம் இருந்தால் எழுதியவர் பலகையின் முன் உட்கார்ந்திருக்கிறார். எடுத்திருந்தாலும் வெள்ளைக்கே சாதகம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் இன்னும் நல்லவர். ஜெயித்தவர் ஆடியதெல்லாம் சரி என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

அப்புறம் இன்ஜின் சண்டை. மொபைலில் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் ஆடும் புரோகிராமை ஓட்டி, ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, "புத்தகமே குப்பை" என்பார்கள். பழைய புத்தகத்துக்கு அது நியாயமே இல்லை. 1953 சூரிச் போட்டியின் 210 ஆட்டங்களையும், அதில் ஆடிய கிராண்ட்மாஸ்டர் பிரான்ஸ்டைன் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் தன் புத்தகத்தில் விளக்கினார். தவறுகள் உண்டு, ஆனால் ஆடியவர்களின் திட்டம் என்ன என்று வார்த்தையில் சொல்வார். போன வருடம் வந்த புத்தகத்தில் இரண்டே நகர்த்தலில் தெரிகிற தவறு இருந்தால், அது சோம்பேறித்தனம், கடையிலேயே வைத்துவிடுங்கள்.

பின்னாளில் உலக சாம்பியனான ஃபிஷரின் "பாபி ஃபிஷர் டீச்சஸ் செஸ்" 1966இல் வந்தது. மார்குலீஸ், மோசன்ஃபெல்டர் என்று இன்னும் இரண்டு ஆசிரியர்கள் அதற்கு உண்டு. ஃபிஷர் எத்தனை வரி எழுதினார் என்ற வாதத்தை விடுங்கள். உழைப்பு கேள்விகளை அடுக்கிய வரிசையில் தெரிகிறது. ஒரு கேள்வி, பக்கத்தைத் திருப்பினால் பதில், அடுத்தது ஒரு படி கடினம். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு வாங்கலாம், போட்டிகளில் ஆடி ரேட்டிங் (ஆட்டத்திறன் புள்ளி) வாங்கிய பிள்ளைக்கு வேண்டாம்.

ஃபிஷருடைய "மை 60 மெமரபிள் கேம்ஸ்" வேறு ரகம். 1969இல் வந்த அந்தப் புத்தகத்தில் 9 டிராக்களும் 3 தோல்விகளும் இருக்கின்றன. தான் தோற்றதை உட்கார்ந்து அலசுகிறவரை நம்பலாம். வாங்கும்போது பதிப்பு வருடத்தை மட்டும் பாருங்கள்: 1995 பதிப்பில் அவரைக் கேட்காமலே பதிப்பகத்தார் அவர் எழுத்தில் கை வைத்தார்கள், மனிதர் கொதித்துப் போனார். 2008 பதிப்பில் பழைய எழுத்து திரும்பிவிட்டது, அதையே வாங்குங்கள்.