செரோட்டோனின் மாத்திரை ஆரம்பிச்சவங்கள முதல் சில வாரம் எப்படி பாத்துக்கணும்

வீட்ல யாருக்காவது டிப்ரஷன் மாதிரி பிரச்சனைக்கு செர்ட்ராலின், எஸ்சிடாலோபிராம் மாதிரி, மூளைல செரோட்டோனின்ங்கற ரசாயனத்த கூட்டுற மாத்திரை புதுசா எழுதிக் குடுத்துருந்தா கூட இருக்கறவங்க இத படிச்சு வச்சுக்கோங்க.

"செரோட்டோனின் கம்மி, அதான் சாகணும்னு தோணுது"ன்னு ஒரே வரில முடிச்சுடாதீங்க. 1976ல ஸ்வீடன்ல மேரி ஆஸ்பெர்க் குழு டிப்ரஷன் இருந்தவங்களோட முதுகுத்தண்டு நீர டெஸ்ட் பண்ணப்ப, செரோட்டோனின் உடைஞ்சு வர்ற பொருள் கம்மியா இருந்தவங்ககிட்ட தற்கொலை முயற்சி அதிகமா தெரிஞ்சுது, பின்னாடி வந்த ஆய்வுகள் அத யோசிக்காம சட்டுனு இறங்குற அவசர குணத்தோடயும் சேத்துப் பேசுச்சு. ஆனா அத வச்சு இன்னாருக்கு ஆபத்துன்னு சொல்ல முடியாது. ரத்தத்துல செரோட்டோனின் பாக்கறதும் வேஸ்ட், உடம்புல இருக்கறதுல 90 சதவீதத்துக்கு மேல குடல்ல உருவாகுது, அது மூளைக்குள்ள போகவே போகாது.

மாத்திரை போட்ட அன்னிக்கே நரம்புக்கு நடுவுல செரோட்டோனின் கூட ஆரம்பிச்சுடும், மனசு தெளியத்தான் 2லருந்து 6 வாரம் ஆகும். இந்த இடைவெளிதான் கவனமா இருக்க வேண்டிய நேரம். சின்ன வயசுக்காரங்கள்ல சிலருக்கு ஆரம்பத்துல தற்கொலை எண்ணம் கூடலாம்னு அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2004ல எச்சரிக்கை போட்டு, 2007ல அத 24 வயசு வரைக்கும் நீட்டுச்சு. அதுக்காக மாத்திரையே வேணாம்னு பயந்துடாதீங்க, நிறைய பேருக்கு இது நல்லாவே கேக்குது.

தூக்கமே வராம, ஒரு இடத்துல உக்கார முடியாம தவிக்கறாங்களா, எரிஞ்சு விழறாங்களா, திடீர்னு ஓவர் உற்சாகமா? அன்னிக்கே டாக்டருக்கு போன் போடுங்க, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் வெயிட் பண்ணாதீங்க. நீங்களா மாத்திரைய பட்டுனு நிறுத்தவும் கூடாது, தலைசுத்தல், தலைக்குள்ள ஷாக் அடிச்ச மாதிரி எல்லாம் வரலாம். ட்ரமடால் மாதிரி வலி மாத்திரை ஏதாவது ஓடுதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க, ரெண்டும் சேந்தா செரோட்டோனின் ஓவராகி ஆபத்தாயிடலாம்.

வீட்ல இருக்கற எல்லா மாத்திரையும் உங்க கைல இருக்கட்டும், வேளைக்கு வேளை நீங்களே எடுத்துக் குடுங்க.

அப்பறம், "சாகணும்னு தோணுதா?"ன்னு நேரா கேளுங்க. கேட்டா நாமளே ஐடியா குடுத்த மாதிரி ஆயிடும்னு பல பேர் வாய மூடிக்கறாங்க, அப்படி ஆகாது, நிறைய பேருக்கு யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருக்கும். ஆமான்னு சொன்னா அட்வைஸ் ஆரம்பிக்காதீங்க, தனியா விடாதீங்க, உடனே டாக்டர் இல்ல ஹெல்ப்லைன், நிலைமை கைமீறுதுன்னு பட்டா நேரா எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போயிடுங்க.