மாகாண ஆட்சி ஒன்றின் வீழ்ச்சியை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் உயர்தர அரசியல் விஞ்ஞான மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போதெல்லாம், நான் இளவயதில் விட்ட பிழைகளே வேறு கையெழுத்தில் திரும்பி வருகின்றன. பெயரையும் ஆண்டையும் மாற்றி எழுதுவது பற்றி இங்கு சொல்லப்போவதில்லை. அவற்றைப் புத்தகமே திருத்திவிடும்.

"ஊழலால் கவிழ்ந்தது" என்று எழுதி நிறுத்துவது

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் எட்வர்ட் கோலர் பிரையர் 1902 நவம்பர் 21 முதல் 1903 ஜூன் 1 வரை, ஆறு மாதங்களுக்குச் சற்றே கூடுதலாக, முதலமைச்சராக இருந்தார். அவருடைய சொந்த இரும்புச் சாமான் நிறுவனத்துக்கு அரசாங்க ஒப்பந்தம் கிடைத்ததே விவகாரமானது. இதைப் பற்றி நான் எழுதிய முதல் பத்திரிகைக் கட்டுரையில், நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் அவர் வீழ்ந்தார் என்று தேடிப்பாராமலே எழுதிவிட்டேன். அதை வாசித்த முதிய ஆசிரியர் ஒருவர், அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டு, "ஆரு இறக்கினது எண்டு பாக்கல்லியா மனே?" என்று கேட்டார். பிரையரைப் பதவியிலிருந்து அகற்றியவர், அம்மாகாணத்தில் முடியின் பிரதிநிதியாக இருந்த லெப்டினன்ட் கவர்னர் ஜோலி டி லொட்பினியர். திருத்தம் வெளிவந்தபோதிலும், என் பிழையான வரியை அப்படியே பிரதிபண்ணிய குறிப்புகளைப் பின்னர் மாணவர் கைகளில் கண்டேன். அது இன்றும் உறுத்துகிறது.

வாக்கெடுப்பில் தோற்பது, தானாக விலகுவது, அகற்றப்படுவது, சபை கலைக்கப்படுவது ஆகிய நான்கும் வெவ்வேறு அதிகாரங்களிலிருந்து பிறப்பவை. ஜோலியும் 1878இல் கியூபெக்கின் முதலமைச்சரானது, அங்கிருந்த லெப்டினன்ட் கவர்னர் முன்னைய முதலமைச்சரை அகற்றியதால்தான் என்பதை அறிந்தவருக்கு, 1903ஆம் ஆண்டின் முடிவு வேறு வெளிச்சத்தில் தெரியும்.

நமது ஆளுநரை அங்கே பொருத்துவது

இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்தின்படி இங்கு மாகாண ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. அமைச்சர் வாரியத்துக்குச் சபையில் பெரும்பான்மை ஆதரவு இருக்கும்வரை, முதலமைச்சரின் ஆலோசனைப்படியே ஆளுநர் சபையைக் கலைக்க வேண்டும். இந்தச் சட்டகத்தைக் கனடாவுக்கு ஏற்றக் கூடாது.

பதவிநீக்கத்தைத் தீர்ப்பாக எழுதுவது

அது நீதிமன்றத் தீர்ப்பு அன்று.

கதையை 1903இல் நிறுத்துவது

அடுத்து வந்த ரிச்சர்ட் மக்பிரைடுடன் அம்மாகாணத்தில் கட்சி முறை ஆட்சி தொடங்கியது. 1919இல் அதே மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னராக நியமிக்கப்பட்டவர், அகற்றப்பட்ட அதே பிரையர்.