டென்ஷனும் பிபியும்: எங்கே தவறு செய்கிறோம்?

"டென்ஷன்ல ஏறியிருக்கும், தானா இறங்கிடும்." பிபி பார்த்த கையோடு பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. இதில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தே அதனால்தான்.

கோபமோ பயமோ வந்தால் சில நொடிகளில் அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது. விஷயம் ஓய்ந்ததும் இறங்கியும் விடுகிறது. இது உடம்பின் இயல்பு. நாம் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போதும் இறங்காமல் நிற்கிற அழுத்தம்தான் நோய். இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

முதலில், அளக்கும் நேரம். மாடிப்படி ஏறி கிளினிக்குக்குள் நுழைந்ததும், சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, "என்ன வயசு, சுகர் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே காற்றடிக்கிறார்கள். நாமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பேசினாலே 10 புள்ளி வரை கூடலாம். சிறுநீரை அடக்கிக்கொண்டிருந்தாலும், கை தொங்கிக்கொண்டிருந்தாலும் கூடும். 5 நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். பாதம் தரையில், கை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். காபி, சிகரெட் முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். 1 நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள்.

சண்டை போட்ட சூட்டில் மெஷினை எடுப்பதும் தவறுதான். 150 வருகிறது, பயந்து மறுபடி அமுக்கினால் 160, அப்புறம் 165. எண்ணைப் பார்த்த பயமே அடுத்த எண்ணை ஏற்றுகிறது. அந்த எண்ணை நம்பி, கேட்காமல் கூடுதலாக ஒரு மாத்திரை போட்டுக்கொள்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம். சில நாட்கள் காலையும் மாலையும் அளந்து எழுதி, அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுச் சராசரி 135/85ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டியதுதான்.

டாக்டரைப் பார்த்தாலே ஏறி, வீட்டில் சரியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும், பின்னாளில் நிஜமாகவே பிபி வரும் வாய்ப்பு அவர்களுக்கு அதிகம். இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு: கிளினிக்கில் 130, வேலை நெருக்கடியில் நாள் முழுக்க அதற்கு மேலே. இவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம், ஏனென்றால் யாரும் சந்தேகப்படுவதே இல்லை.

"எனக்குப் படபடப்பே இல்லை, எப்படி பிபி இருக்கும்?" என்று கேட்பவர்களுக்கு: நாடித்துடிப்பு வேறு, அழுத்தம் வேறு. நாடி 72 என்று நிதானமாக ஓடும்போதே அழுத்தம் 170 இருக்கலாம். பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது.

மன உளைச்சல் மறைமுகமாகவும் கெடுக்கிறது. தூக்கம் குறைகிறது, நடை நிற்கிறது, ஊறுகாயும் சிப்ஸும் கூடுகின்றன. ஆறுதலுக்கு என்று பற்றவைக்கும் சிகரெட் அந்த நிமிடமே நாடியையும் அழுத்தத்தையும் ஏற்றுகிறது.

தியானம், மூச்சுப் பயிற்சி நல்லவை, கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அவற்றை நம்பி மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாக அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் பிபி மாத்திரைகளைத் திடீரென விட்டால் துடிப்பும் அழுத்தமும் எகிறும். இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரை போகலாம். குறைப்பதென்றால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான்.

கடைசியாக ஒன்று. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் "டென்ஷன்தான், கேஸ்தான்" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். முகம் கோணினாலும் பேச்சு குழறினாலும் அப்படித்தான். பிபி மெஷினைத் தேடி நேரம் போக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.