இளம் பேஸ்பால் அணி பிளேஆஃபில் எவ்வளவு தூரம் போகும்? கணிப்பது இப்படி

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் இரண்டு லீகுகள் உண்டு. 2022 முதல் லீகுக்கு 6 என மொத்தம் 12 அணிகள் பிளேஆஃபுக்கு, அதாவது சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்-அவுட் தொடர்களுக்கு, போகின்றன. உங்கள் இளம் அணி டிவிஷனில் (லீகுக்குள் இருக்கும் பிரிவில்) மூன்றாவதாக இருந்தால் அந்தப் பட்டியலையே பார்த்து நொந்துகொள்ளாதீர்கள், வைல்ட் கார்ட் பட்டியலைத் திறந்து (டிவிஷனில் முதலிடம் பெறாத அணிகளில் சிறந்த மூன்றுக்குக் கிடைக்கும் இடங்கள் இவை), மூன்றாவது இடத்துக்கு எத்தனை ஆட்டம் பின்னால் இருக்கிறது என்று பாருங்கள். 90 வெற்றி கட்டாயம் என்பதெல்லாம் பழைய கணக்கு. 2023-ல் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் 84 வெற்றியிலேயே உள்ளே வந்தது. 2024-ல் டெட்ராய்ட் டைகர்ஸ் ஆகஸ்ட் 10 அன்று 55 வெற்றி, 63 தோல்வி என்று கிடந்தது. மிச்சமிருந்த 44 ஆட்டத்தில் 31-ஐ வென்று 86-ல் முடித்தது. அதனால் ஆகஸ்டில் அணியைக் கைகழுவிவிட வேண்டாம்.

அப்புறம், அந்த இடத்துக்குப் போட்டியிடும் அணியோடு நேருக்கு நேர் ஆடியதில் யார் கை ஓங்கியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெற்றிக் கணக்கு சமமானால் முன்பு போல் கூடுதல் ஆட்டம் கிடையாது, முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

உள்ளே வந்தபின் பிட்ச்சிங்தான் (பந்துவீச்சுதான்) எல்லாம். முதல் சுற்று அதிகபட்சம் மூன்று ஆட்டம், இரண்டை வென்றால் போதும், அத்தனையும் மேல் இடத்தில் உள்ள அணியின் மைதானத்தில். ஆட்டத்தைத் தொடங்கி வீசும் நல்ல ஸ்டார்ட்டர் ஒருவர், அவருக்குப் பின் வீச நம்பகமான புல்பென் (மாற்று பிட்சர்கள்), இவை இருந்தால் இளம் அணிக்கு அது போதும். டைகர்ஸ் ஹூஸ்டனுக்கே போய் ஆஸ்ட்ரோஸை 2-0 என வென்றது அப்படித்தான், முதல் ஆட்டத்தில் அவர்களின் ஸ்டார்ட்டர் டாரிக் ஸ்கூபல் 6 இன்னிங்ஸ் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. இளம் பையன்கள் அழுத்தம் தாங்கமாட்டார்கள் என்ற பேச்சை நான் நம்புவதில்லை: 2023-ல் இளம் வீரர் கார்பின் கேரல் தன் முதல் முழு சீசனிலேயே டைமண்ட்பேக்ஸோடு வேர்ல்ட் சீரிஸ் (இறுதித் தொடர்) வரை போனார், வழியில் 100 வெற்றி பெற்றிருந்த டாட்ஜர்ஸை 3-0 என வீழ்த்தினார்கள். அதே ஆண்டு, 101 வெற்றியோடு முதல் சுற்றே ஆடத் தேவையில்லாமல் வந்த இளம் ஓரியோல்ஸ், ரேஞ்சர்ஸிடம் 0-3 என்று போனதும் உண்மை.

ஆசைக்கு ஒரு கணக்கும் வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் உங்கள் அணிக்கு 45 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், 3 ஆட்டத் தொடரை வெல்ல சுமார் 43, 5 ஆட்டத் தொடருக்கு 41, 7 ஆட்டத் தொடருக்கு 39 சதவீதம். இறுதிக்கு முந்தைய சுற்றுகள் இவை மூன்றும்தான்; மூன்றையும் பெருக்கினால் வேர்ல்ட் சீரிஸை எட்ட சுமார் 7 சதவீதம். குறைவுதான், ஆனால் எந்தச் சுற்றிலும் வாய்ப்பே இல்லாத நிலை இல்லை, பார்த்தீர்களா?

கடைசி வாரத்தில் ஒன்றை மட்டும் விடாமல் கவனியுங்கள்: முதன்மை பிட்சர் என்று பந்து வீசுகிறார்? உள்ளே வருவதற்கே கடைசி நாளில் அவரை இறக்க வேண்டி வந்தால், சில நாள் ஓய்வு தேவை என்பதால் முதல் சுற்றில் அவர் பெரும்பாலும் கிடைக்கமாட்டார். அந்த 45 சதவீதத்தை அங்கேயே குறைத்துவிட்டு மறுபடி பெருக்குங்கள்.