வாய்க்கால் கரையைப் பராமரிப்பது எப்படி? டெல்டா ஊர்களுக்கு ஒரு செய்முறை

வழக்கப்படி மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடினால் ஜூன் 12-ல் திறப்பார்கள். நடுவில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும் நாலரை மாதம்தான் கரையில் கை வைக்க நமக்குக் கிடைக்கும் காலம். புதிதாக வருகிறவர்கள் ஆர்வத்தில் முதலில் மரக்கன்று வாங்கிவிடுகிறார்கள். கன்றெல்லாம் பிறகு. முதலில் காகிதம்.

1. எல்லையைப் பாருங்கள்

வருவாய்த்துறையின் இணையச் சேவையில் புல எண்ணைப் (சர்வே நம்பர்) போட்டால் ‘அ’ பதிவேடு வரும், அதாவது எந்த நிலம் என்ன வகை என்று சொல்லும் ஊர்க் கணக்கு. கரை இருக்கும் இடம் புறம்போக்கா (அரசு நிலமா) என்று அதில் தெரிந்துவிடும். ஒட்டியிருக்கும் பட்டா நிலத்தின் புலப்படத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் இருக்கும் அகலத்துக்கும் தரையில் மிஞ்சியிருப்பதற்கும் பல ஊர்களில் சம்பந்தமே இருக்காது. வருடா வருடம் அண்டை வெட்டும்போது, அதாவது ஓரத்தைச் செதுக்கும்போது, வரப்பு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கும்.

அதற்காக நீங்களே மண்வெட்டியோடு இறங்கிவிடாதீர்கள். வி.ஏ.ஓ.விடம் மனு கொடுத்து, சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்ற வேண்டியது வருவாய்த்துறை. எத்தனை வருடம் உழுதிருந்தாலும் நீர்வழிப் புறம்போக்குக்குப் பட்டா கேட்க முடியாது. கரையில் நிற்கும் மரமும் அரசுடையதுதான், அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது. பனை என்றால் கலெக்டர் அனுமதி வேண்டும்.

2. யாரிடம் கேட்பது

ஆறும் பெரிய வாய்க்கால்களும் நீர்வளத்துறையின் பொறுப்பு. சி, டி என்று வகை பிரித்த சின்னக் கிளை வாய்க்கால்களை வேளாண்மைப் பொறியியல் துறையும் தூர்வாருகிறது. குழப்பமாக இருந்தால் மதகு திறக்கும் லஸ்கரைக் கேளுங்கள், எது யாருடையது என்று அவருக்கு அத்துப்படி. மார்ச் 22 அல்லது மே 1 கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்பதும் சுலபம்.

3. காட்டாமணக்கை வேரோடு எடுங்கள்

உண்மையான வேலையே இதுதான். நெய்வேலிக் காட்டாமணக்கை ஆடு மாடு பொதுவாகத் தொடாது. அரிவாளால் வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். வெட்டிப் போட்ட தண்டு ஈர மண்ணில் பட்டால், கணுவுக்குக் கணு வேர்விட்டு அதுவும் புதுச் செடியாகும். தண்ணீரில் விழுந்த துண்டு அடுத்த ஊர்க் கரையில் போய் முளைக்கும். ஆகவே தரை காய்ந்த மார்ச், ஏப்ரலில் கடப்பாரை போட்டு வேரோடு பெயர்த்து, வாய்க்காலை விட்டுத் தள்ளி மேட்டில் குவியுங்கள். தண்டை ஒடித்தால் பால் வராத அளவுக்குக் காயட்டும், அப்புறம் அப்புறப்படுத்தலாம். அருகையும் கோரையையும் தொடாதீர்கள். கரை மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அவைதான்.

4. தூர்வாரிய மண்

பொக்லைன்காரர் அள்ளிய மண்ணைக் கரை விளிம்பிலேயே குவித்துவிட்டுப் போவார். முதல் மழையில் அது திரும்ப உள்ளே வந்துவிடும். அன்றைக்கே பரப்பி, தண்ணீர் தெளித்து, கெட்டிக்கச் சொல்லுங்கள். கரையின் அடியில் மண் எடுக்க யாரையும் விடக்கூடாது.

5. சரி, இப்போது கன்று

நடுவதற்கும், வாய்க்கால் எந்தத் துறையுடையதோ அதன் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் உரசும் சரிவில் வெட்டிவேர், வெளிப்புறச் சரிவில் நொச்சி, கரையைவிட்டுத் தள்ளிப் புங்கனும் பனையும். கரையின் தலையில் எதுவும் வேண்டாம், அடுத்த முறை இயந்திரம் போக வழி வேண்டுமே.

6. தண்ணீர் வந்த பிறகு

எலி வளையும் நண்டு வளையும்தான் சின்ன வாய்க்காலை உடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரையோடு ஒரு நடை நடந்து, வெளிச்சரிவில் எங்காவது கசிகிறதா என்று பாருங்கள். வெளிப்பக்கம் மட்டும் அடைத்தால் பக்கத்திலேயே இன்னோர் இடத்தில் பீறிடும். தண்ணீர் நுழையும் வாயை உள்பக்கம் தேடி, களிமண்ணை மிதித்து அடையுங்கள். வருகிற தண்ணீர் கலங்கலாக இருந்தால் கரை உள்ளே அரிக்கிறது என்று பொருள். உடனே மணல்மூட்டையை எடுத்துக்கொண்டு, நீர்வளத்துறையின் பிரிவு அலுவலகத்துக்கும் போன் போட்டுவிடுங்கள்.