பிளேஸிங் சாடில்ஸ் பார்க்கும்போது செய்யக்கூடாதவை

எங்கள் திரைப்பட வட்டத்தில் போன மாதம் ஒரு தம்பி, கௌபாய் படங்களைக் கிண்டலடிக்கும் மெல் புரூக்ஸின் 1974 ஹாலிவுட் நகைச்சுவைப் படம் 'பிளேஸிங் சாடில்ஸ்' போட்டான். 93 நிமிடப் படம் 71 நிமிடத்தில் முடிந்துவிட்டது. "கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டேன் அண்ணே" என்றான் பெருமையாக. இதே கூத்தை நானும் ஒரு காலத்தில் அடித்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். குழந்தைகளை உட்கார வைக்காதே, சப்டைட்டிலோடு பார் என்பதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

கெட்ட வார்த்தையை வெட்டுவது

பன்னிரண்டு வருடம் முன்பு வீட்டில் எட்டுப் பேரை உட்காரவைத்து, ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் படத்தைப் போட்டேன். வசை வரும் இடமெல்லாம் மியூட். பாதிக்குமேல் போனதும் அத்தை கேட்டார்: "அந்தக் கிழவி எதுக்குடா பலகாரம் எடுத்துக்கிட்டு வந்து மன்னிப்பு கேக்குறா?"

என்னிடம் பதில் இல்லை. பதிலைத்தான் கால் மணி நேரம் முன்பு நானே அமுக்கியிருந்தேனே.

கதை 1874இல், ராக் ரிட்ஜ் என்ற வெள்ளைக்கார ஊரில் நடக்கிறது. ரயில் பாதைக்காக ஊரைக் காலி செய்யப் பார்க்கும் ஹெட்லி லமார், ஊரார் தாங்களே ஓடிவிடுவார்கள் என்ற கணக்கில் பார்ட் என்ற கறுப்பரை ஊர்க்காவல் அதிகாரியான ஷெரீஃபாக அனுப்புகிறான். தெருவில் எதிரே வரும் பாட்டியிடம் பார்ட் தொப்பியைத் தொட்டு, இனிமையாகக் காலை வணக்கம் சொல்கிறார். பாட்டி கறுப்பர்களை இழிவுசெய்யும் அந்த வசையோடு ஓர் ஆபாசப் பதிலை மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு நடக்கிறார். பார்ட்டாக நடிக்கும் க்ளீவன் லிட்டிலின் முகம் அப்படியே விழும். பிறகு பார்ட், மோங்கோ என்ற மலைமாட்டு முரடனை அடக்கி ஊரைக் காப்பாற்றுகிறார். அதே பாட்டி 'ஆப்பிள் பை' என்ற பலகாரத்தோடு ஜன்னலுக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறார். போனவர் திரும்பி வந்து, நான் உங்களிடம் பேசியதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்கிறார். படத்தின் மொத்தக் குத்தலும் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. முதல் வசையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பாட்டியும் ஒரு பலகாரமும்.

அந்த வசையைச் சொல்பவர்களில் பெரும்பாலோர் முட்டாள்களாகவும் கயவர்களாகவும்தான் வருகிறார்கள். திரைக்கதை எழுதிய ஐவரில் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் பிரையரும் ஒருவர். பார்ட்டாக நடிக்கவும் அவரைத்தான் புரூக்ஸ் கேட்டார், ஸ்டூடியோ ஒப்பவில்லை. படம் முடிந்த பிறகு ஸ்டூடியோ பெரியவர் நீக்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டுச் சொன்னதாகவும், இறுதி வெட்டு உரிமை தன்னிடம் இருந்ததால் அந்தப் பட்டியலைக் குப்பையில் போட்டதாகவும் புரூக்ஸ் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் காப்பாற்றி வைத்ததை நம் தம்பி லேப்டாப்பில் வெட்டுகிறான்!

இன்னொரு வேடிக்கை. படம் தானே ஒரு முறை மியூட் போடுகிறது. கூரைமேல் நிற்கும் கிழவன் வருகிற ஷெரீஃப் யாரென்று கத்தும்போது, சரியாக அந்த வார்த்தையின்மேல் கோயில் மணி அடிக்கும். கீழே நிற்பவர்கள், அதை "நியர்", அதாவது ஷெரீஃப் "கிட்டே வந்துவிட்டார்" என்று காதில் வாங்கிக்கொள்வார்கள். மற்ற இடங்களில் எல்லாம் வார்த்தை ஒலித்தால்தான் இங்கே மணிக்குச் சிரிப்பு வரும். நான் அன்று மியூட் செய்துகொண்டே வந்ததில், மணியையும் என் கைவேலை என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் இது நடந்தது. தீ மூட்டி உட்கார்ந்து கௌபாய்கள் பீன்ஸ் தின்னும் காட்சியில் குசுச் சத்தத்தை எடுத்துவிட்டுக் காட்டினார்கள். ஆட்கள் காரணமே இல்லாமல் எழுந்து எழுந்து உட்காருவார்கள்.

அந்தப் பீன்ஸ் காட்சியை மட்டும் ஃபோனில் பார்த்துவிட்டுப் பேசுவது

பேசாதீர்கள்.

கௌபாய் படமே பார்க்காமல் இதில் தொடங்குவது

குறைந்தது 'ஹை நூன்' என்ற கௌபாய் படத்தையாவது பாருங்கள். பழைய நட்சத்திரம் மார்லீன் டீட்ரிச் பாடும் ஒரு காட்சியாவது பார்த்துவிட்டு வந்தால், இந்தப் படத்தில் அவரைக் கிண்டலடித்து நடிக்கும் மாடலின் கான் அந்தச் சலிப்புப் பாட்டில் வேண்டுமென்றே சுருதியை விட்டு விலகுவது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது புரியும். அதற்கு ஆஸ்கர் பரிந்துரை சும்மா வரவில்லை. தலைப்புப் பாட்டைப் பாடிய ஃபிராங்கி லேனுக்கு இது நகைச்சுவைப் படம் என்றே தெரியாதாம். உருகிப் பாடியிருக்கிறார்.

வருடக் கணக்குப் பார்ப்பது

1874இல் பாலைவனத்தில், இருபதாம் நூற்றாண்டு ஜாஸ் கலைஞர் கவுண்ட் பேஸியின் இசைக்குழு வாசிக்கிறது. ஆமாம், வாசிக்கிறது.

முடிவில் ரிமோட்டைத் தேடுவது

சண்டை செட் சுவரை உடைத்துக்கொண்டு பக்கத்துப் படப்பிடிப்புக்குள் போகும்போது, யாராவது ஒருவர் "சேனல் மாறிடுச்சா?" என்பார். மாறவில்லை. ஸ்டூடியோ கேன்டீன், அப்புறம் ஹாலிவுட் தெரு, அப்புறம் தியேட்டர். பார்ட்டும் அவர் கூட்டாளியாக வரும் ஜீன் வைல்டரும் தங்கள் படத்தின் முடிவைப் பார்க்கத் தாங்களே உள்ளே போகிறார்கள். மறுபடியும் ராக் ரிட்ஜில் கதை முடியும்போது ஜீன் வைல்டரின் கையைப் பாருங்கள். தியேட்டர் பாப்கார்னை இன்னும் தின்றுகொண்டிருப்பார்.